தந்தையார் விட்டுச் சென்ற பாரந்தூக்கிகள்



ஒருவர் வஃபாத்தான பின் அவர் விட்டுச் சென்ற வீடு, நிலம், நகை, வங்கி இருப்பு ஆகியவற்றைக் கணக்கிடுவது கடினமன்று. அவற்றின் மதிப்பு ஊருக்கே தெரியும். மதிப்பு இன்னதென்று வீட்டார் அறியாத பொருள்களில்தான் பெரும்பாலும் பங்குதாரர்களின் உரிமை நழுவிப் போகிறது. எங்கள் குடும்பத்தில் அத்தகைய பொருள்களாக அமைந்தவை 24 சிறிய பாரந்தூக்கிகள்.

எங்கள் அத்தா அச்சரப்பாக்கத்திலிருந்து சஊதிக்குச் சென்று, இருபதாண்டுகளுக்கு மேல் கிரேன் இயக்குநராகப் பணியாற்றியவர். தேரின் அச்சு இற்ற கதையோடு எங்கள் ஊர்ப்பெயரை இணைத்துச் சொல்வது வழக்கம். "அச்சு முறிந்த ஊர்க்காரனுக்குப் பாரம் தூக்கும் வேலை பொருத்தம்தானே" என்று அவர் சிரிப்பார். ஜி.எஸ்.டி. சாலையில் பெரிய கிரேன் ஒன்று கடந்து சென்றால், அதன் அச்சுகளை எண்ணியே எத்தனை டன் தூக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவார்.

விடுமுறையில் வரும்போது பேரீச்சம்பழத்தோடும் அத்தரோடும் ஒரு பெட்டி வரும். அதனுள் உலோகத்தில் வார்த்த கிரேன் மாதிரி இருக்கும். ஜெர்மனியின் நியூரம்பெர்க் வட்டாரத்தைச் சேர்ந்த கான்ராட், என்.இசட்.ஜி. ஆகிய நிறுவனங்கள் இத்தகைய மாதிரிகளுக்குப் பெயர் பெற்றவை. பெரும்பாலானவை 1:50 அளவில், துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுபவை. லீப்ஹெர் நிறுவனத்தின் எல்.டி.எம். 11200 என்னும் கிரேன் 1,200 டன் தூக்கும் திறனுடையது; அதன் கை 100 மீட்டர் வரை நீளும். 1:50 அளவில் அந்தக் கை 2 மீட்டர் ஆகும். முழுதாக நீட்டினால் எங்கள் கூடத்தில் நிற்க இடம் போதாது. உயிரற்ற பொருள்களின் மாதிரிகள் ஆதலால் உருவம் பற்றிய கேள்வியும் எழவில்லை.

அத்தா ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். பார்த்து முடித்தபின் ஒவ்வொரு மாதிரியின் கையையும் தாழ்த்தியே அலமாரியில் வைப்பார். 2015 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை மாலை, புயற்காற்றில் மக்கா ஹரம் ஷரீஃபில் 1,350 டன் திறனுள்ள எல்.ஆர். 11350 கிரேன் சாய்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானதை நாம் மறந்திருக்க மாட்டோம். வேலையில்லாத நேரத்தில் அதன் கையைத் தாழ்த்தாமல் உயர்த்தியே விட்டிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. அன்றிரவு அவர் எங்களிடம், "தூக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, காற்று வருமுன் இறக்கவும் தெரியவேண்டும்" என்று கூறினார்.

அவர் வஃபாத்தானபின் அடக்கச் செலவும் கடன்களும் தீர்க்கப்பட்டன. வசிய்யத் எதுவும் இல்லை. அவருடைய பெற்றோர் முன்னரே மறைந்துவிட்டதால் எங்கள் அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகியோரே வாரிசுகள். அம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. நாற்பது பாகமாகக் கொண்டால் அம்மாவுக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7.

கிரேன்களின் பேச்சு வந்தபோது உறவினர் ஒருவர், "பொம்மைக்கெல்லாமா பாகம் பார்ப்பார்கள்? ஆண்பிள்ளைகள் வைத்துக்கொள்ளட்டும்" என்றார். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் இதனை ஏற்கவில்லை. விட்டுச் சென்றது சிறிதாயினும் பெரிதாயினும் பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்பது அன்னிஸா அத்தியாயத்தின் தெளிவான சட்டம் என்றும், பொருளுக்கு விலையுண்டா என்பதை மட்டும் பாருங்கள் என்றும் கூறினார்.

விலை இருந்தது. ஆனால் அதை அறிந்தவர் எங்களுள் மூத்தவர் ஒருவரே. அவர் குறைத்துச் சொன்னாலும் கண்டுபிடிக்க எங்களுக்கு வழியில்லை. ஆகவே மதிப்பிடும் முறையை எல்லோருக்கும் விளங்கும்படி முதலில் வகுத்துக்கொண்டோம்.

விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்று முடிந்த விலையையே எடுத்துக்கொண்டோம். பின்னர் ஒவ்வொன்றின் நிலையையும் பார்த்தோம். கை வளையாமல் இருக்கிறதா, கம்பிவடம் கப்பிகளில் முறையாக ஓடுகிறதா, கொக்கியும் எதிரெடைக் கட்டிகளும் எண்ணிக்கை குறையாமல் உள்ளனவா, பக்கவாட்டுத் தாங்குகால்கள் முழுமையாக உள்ளனவா என்று குறித்தோம். மூலப்பெட்டி இருந்தால் மதிப்பு கூடும். அம்மா அத்தனைப் பெட்டிகளையும் பரணில் பத்திரப்படுத்தியிருந்தார். மம்மூட், சாரென்ஸ் போன்ற கிரேன் நிறுவனங்கள் தம் வண்ணத்தில் குறைந்த எண்ணிக்கையில் செய்விக்கும் மாதிரிகளைச் சேகரிப்போர் தேடி வாங்குவர். அவ்வகையில் எங்களிடம் ஒன்று இருந்தது. மற்றவற்றில் நான்கைந்தைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

பழைய மாதிரி ஒன்றில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும், அதற்கு மருந்தில்லை. வண்ணம் பூசினால் மறைந்துவிடும். ஆனால் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தை வெளிக்காட்டச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். அதன் குறையை எழுதி, விலையையும் குறைத்தோம்.

மூத்தவர் ஒவ்வொரு விலையையும் எழுதியபோது அம்மா ஒரே கேள்வியைக் கேட்டார்: "இந்த விலைக்கு நீ வாங்குவாயா? இதே விலைக்கு விட்டுக்கொடுக்கவும் செய்வாயா?" இரண்டுக்கும் ஆம் என்ற பிறகே அடுத்த வரிக்குச் சென்றோம்.

அம்மாவின் எட்டில் ஒரு பங்கு மதிப்புக்கு அவர் விரும்பியவற்றை முதலில் எடுத்துக்கொண்டார். எஞ்சியவற்றைச் சமமதிப்புள்ள ஐந்து தொகுதிகளாக்கி, சிறு வேறுபாடுகளைப் பணத்தால் சரிசெய்து, சீட்டுக் குலுக்கினோம். பயணத்தில் உடன்வருபவரைத் தேர்ந்தெடுக்க நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியரிடையே சீட்டுக் குலுக்கிய முன்மாதிரி நமக்கு உண்டு. மகன்களுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒன்று. எல்லோரும் விரும்பிய அந்த வண்ணக் கிரேன் இருந்த தொகுதி தங்கைக்கே விழுந்தது.

தங்கைக்கு அதை வைத்துக்கொள்ளும் ஆவலில்லை. பிள்ளையின் படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது. மூத்தவர் அதைத் தாமே வாங்கிக்கொண்டார். தம் கையால் எழுதிய விலையையே, ஒரு ரூபாயும் குறையாமல் கொடுத்தார். அன்று குறைத்து எழுதியிருந்தால் அவருக்கு இலாபம். தங்கைக்கு அது தெரியவே வந்திராது.

அன்பு வாசகர்களே, தபால்தலை, பழைய நாணயம், கைக்கடிகாரம், கிதாபுகள் என நம் வீடுகளிலும் ஒருவர் மட்டுமே மதிப்பறிந்த பொருள்கள் இருக்கலாம். உயிரோடிருக்கும்போதே பெயர், வாங்கிய ஆண்டு, விலை, குறை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். விலை அறிந்தவரிடம் அந்த அறிவும் ஓர் அமானிதமே. பாரந்தூக்கி நிமிர்ந்து நிற்பதற்குப் பின்னாலுள்ள எதிரெடை எவ்வளவு அவசியமோ, குடும்பம் சாயாமல் நிற்பதற்கு மறைவிலும் பேணப்படும் நேர்மை அவ்வளவு அவசியம்.

எங்கள் தந்தையாரின் கப்றை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அவரவர் பங்கை அவரவரிடம் சேர்ப்பிக்கும் மனத்தை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.