92 பக்கங்கள்... போருக்கு முன் முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர்?

2002 அக்டோபர் மாதத் தொடக்கம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு பாதுகாக்கப்பட்ட அறைக்குள் ஓர் ஆவணம் வந்து சேர்ந்தது. மொத்தம் 92 பக்கங்கள். ஈராக்கில் சதாம் உசேன் பேரழிவு ஆயுதங்கள் வைத்திருக்கிறாரா, அணுகுண்டு செய்கிறாரா என்பது பற்றி அந்நாட்டு உளவு அமைப்புகள் எல்லாம் சேர்ந்து எழுதிய மதிப்பீடு அது. உறுப்பினர்கள் யார் வேண்டுமானாலும் அங்கே போய்ப் படிக்கலாம். வெளியே எடுத்து வர முடியாது.

பத்தே நாளில் வாக்கெடுப்பு. அக்டோபர் 10-ம் தேதி பிரதிநிதிகள் சபை 296-க்கு 133 என்ற கணக்கில் போருக்கு அதிகாரம் கொடுத்தது. அடுத்த நாள் விடியும் முன்பே செனட் சபையில் 77-க்கு 23. அந்த அறைக்குப் போய், ஐந்து பக்கச் சுருக்கத்தைத் தாண்டிப் படித்த செனட்டர்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை என்று பின்னாளில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் எழுதியது.

வீடு வாங்கும்போது பத்திரத்தை நான்கு பேரிடம் காட்டிப் படிக்கச் சொல்லும் மனிதர்கள்தான் நாம் எல்லோரும். ஒரு தேசத்தைப் போருக்கு அனுப்பும் பத்திரத்தைப் படிக்க ஏன் ஆளில்லாமல் போனது?

அடிக்குறிப்பில் கிடந்த சந்தேகம்

இத்தனைக்கும் அந்த அறிக்கை தானாக வந்ததல்ல, கேட்டு வாங்கியது. 2002 செப்டம்பரில் செனட் உளவுக் குழுவின் தலைவராக இருந்தவர் ஃபுளோரிடாவைச் சேர்ந்த பாப் கிரஹாம். போர் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, உளவு அமைப்புகளின் கூட்டு மதிப்பீடு எங்கே என்று அவரும் சக உறுப்பினர் டிக் டர்பினும் கேட்டார்கள். அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரத்துக்குள் அவசர அவசரமாக அது தயாரானது.

உள்ளே என்ன இருந்தது? ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டத்தான் என்றது பெரும்பான்மைக் கருத்து. அந்தத் தொழில்நுட்பம் தெரிந்த எரிசக்தித் துறையின் நிபுணர்களோ, இந்தக் குழாய் அதற்குச் சரிப்படாது என்றார்கள். வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் மறுத்தது. மறுப்புகள் அந்த ரகசிய ஆவணத்தில் பதிவாகியிருந்தன. ஆனால், சில நாள்களில் பொதுமக்களுக்காக வெளியிட்ட சுருக்கத்தில் 'எங்கள் கணிப்பு' என்ற சொற்கள்கூட பல இடங்களில் காணாமல் போயிருந்தன. கணிப்பு, உண்மையாகிவிட்டது.

நடமாடும் ஆய்வகங்களில் கிருமி ஆயுதம் தயாராகிறது என்ற தகவலின் கதை இன்னும் விசித்திரம். அதற்கு முக்கிய ஆதாரம் ஒரே ஒரு மனிதர். 'கர்வ்பால்' என்பது அவருக்கு வைத்த ரகசியப் பெயர். அவர் ஜெர்மனியின் பொறுப்பில் இருந்தார். அவர் சொன்னதை ஜெர்மனி எழுதி அனுப்ப, அமெரிக்கா அதை நம்பியது. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால் மட்டும் நம்பு என்று திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் சொல்லி எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகின்றன. 2003 பிப்ரவரி 5-ம் தேதி ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் உலகத்துக்கே படம் காட்டி விளக்கியபோது, அந்த ஒற்றைக் குரலும் அதில் இருந்தது.

கிரஹாமும் டர்பினும் போருக்கு எதிராக வாக்களித்த 23 பேரில் இருந்தார்கள். ரகசிய அறையில் சொல்லப்பட்டதும் டி.வி-யில் சொல்லப்பட்டதும் ஒன்றல்ல என்பது தனக்குத் தெரிந்திருந்தது, ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்திருந்ததால் வெளியே சொல்ல முடியவில்லை என்று டர்பின் 2007-ல் செனட்டில் பேசினார். தெரியாதவர் பேசிக்கொண்டே இருக்கலாம்; தெரிந்தவர் வாய் திறக்கக் கூடாது. உளவைக் கண்காணிக்கும் வேலையின் முதல் சங்கடம் இதுதான்.

எட்டுக்கு ஏழு

செனட் உளவுக் குழு பிறந்தது 1976-ல். சி.ஐ.ஏ. வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லச் சதி செய்தது, சொந்த நாட்டு மக்களையே உளவு அமைப்புகள் வேவு பார்த்தன என்பதையெல்லாம் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான விசாரணை வெளியே கொண்டுவந்த பிறகு, இனி நிரந்தரக் காவல் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

அதை அமைத்தவர்களுக்கு அரசியல்வாதிகளைப் பற்றி நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால் மற்ற குழுக்களைப் போல, சபையில் யாருக்கு எவ்வளவு பலமோ அந்தக் கணக்கில் இடம் கொடுக்கவில்லை. மொத்தம் 15 பேர்; பெரும்பான்மைக் கட்சிக்கு எட்டு, சிறுபான்மைக் கட்சிக்கு ஏழு. தலைவர் இல்லாத நேரத்தில் நாற்காலியில் உட்கார வேண்டியவர் துணைத் தலைவர். அவர் எதிர்க்கட்சிக்காரர். ரகசியம் பேசும் இடத்தில் கட்சிக்கொடி நுழையக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஈராக் போர் அதைச் சோதித்துப் பார்த்தது.

கையால் எழுதிய கடிதம்

2003-ல் செனட் குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. கன்சாஸைச் சேர்ந்த பாட் ராபர்ட்ஸ் குழுத் தலைவரானார். துணைத் தலைவர், ஜனநாயகக் கட்சியின் ஜே ராக்ஃபெல்லர். எண்ணெய் சாம்ராஜ்ஜியம் கட்டிய ராக்ஃபெல்லரின் கொள்ளுப்பேரன். மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளர்கள் மத்தியில் சமூகப் பணிக்குப் போய், அங்கேயே தங்கி, அந்த மாநிலத்தின் செனட்டரானவர். போருக்கு ஆதரவாக வாக்களித்த 77 பேரில் அவரும் ஒருவர்.

2003 ஜூலை 17. நீதிமன்ற ஆணை இல்லாமலேயே ஒட்டுக்கேட்கும் ஒரு திட்டம் பற்றி, துணை அதிபர் டிக் செனி தரப்பிலிருந்து ஒரு சிலருக்கு மட்டும் விளக்கம் தரப்பட்டது. ராக்ஃபெல்லர் அதில் இருந்தார். கேட்டதும் அவருக்கு உறுத்தியது. ஆனால், யாரிடம் கேட்பது? உதவியாளரிடம் சொல்லக் கூடாது. வழக்கறிஞரிடம் ஆலோசிக்கக் கூடாது. டைப் அடிக்கக்கூட ஆளைக் கூப்பிட முடியாது.

பேனாவை எடுத்து, செனிக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினார். தான் தொழில்நுட்பம் படித்தவனும் அல்ல, வழக்கறிஞனும் அல்ல. யாரையும் கலந்து பேச முடியாத நிலையில் இந்தத் திட்டத்தை முழுதாக மதிப்பிடக்கூட முடியவில்லை, அப்புறம் எப்படி ஒப்புதல் தருவது என்பது அதன் சாரம். பிரதி ஒன்றை உறையில் இட்டு முத்திரை வைத்து, குழுவின் பாதுகாப்பு அறையில் வைத்தார்.

2005 டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' அந்தத் திட்டத்தை அம்பலப்படுத்திய பிறகே அந்தக் கடிதம் வெளியே வந்தது. ராபர்ட்ஸ் விடவில்லை. ஒரு செனட்டரின் கையில் எத்தனையோ அதிகாரங்கள் இருக்கின்றன, கையாலாகாதவரைப் போல் நடிப்பது அதில் சேராது என்று சாடினார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உறைக்குள் தூங்கிய கடிதத்தால் எந்தத் திட்டமும் நிற்கவில்லை. அதேசமயம், தனியாக ஒருவரை அழைத்து, வாயைக் கட்டிவிட்டு, 'அப்போதே உங்களிடம் சொன்னோமே' என்று பிறகு கைகாட்டுவதைக் கண்காணிப்பு என்று சொல்ல முடியுமா?

ஊர் ரெண்டுபட்டால்...

போர் தொடங்கி மாதங்கள் ஓடின. ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. எங்கே தவறு நடந்தது என்று குழு விசாரிக்கத் தொடங்கியது. 2003 நவம்பரில் ஒரு குறிப்பு கசிந்தது. ஜனநாயகக் கட்சிப் பணியாளர்கள் எழுதிய வரைவு. விசாரணையை அதிபர் புஷ் அரசுக்கு எதிராக எப்படிப் பயன்படுத்தலாம் என்ற யோசனைகள் அதில் இருந்தன. குடியரசுக் கட்சியினர் கொதித்தார்கள். இரண்டு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்த நாள்கள் அவை.

அப்படியும் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2004 ஜூலையில் 511 பக்க அறிக்கையை குழு ஒருமனதாக ஏற்று வெளியிட்டது. 2002 மதிப்பீட்டின் முக்கிய முடிவுகளில் பெரும்பாலானவை மிகைப்படுத்தப்பட்டவை அல்லது கையில் இருந்த தகவல்கள் தாங்காதவை என்று இரு கட்சியினரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். இப்போது தெரிவது அப்போது தெரிந்திருந்தால் நாடாளுமன்றம் இந்தப் போருக்கு அனுமதி தந்திருக்காது என்று ராக்ஃபெல்லர் அன்று வெளிப்படையாகச் சொன்னார்.

ஆனால், அந்த ஒற்றுமைக்கு ஒரு விலை இருந்தது. உளவு அமைப்புகள் தவறு செய்தனவா என்பது முதல் பாகம். அந்தத் தகவலை ஆட்சியாளர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது இரண்டாம் பாகம். சுடுகிற கேள்வி இரண்டாவதுதான். அதை தேர்தலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். 2004 நவம்பரில் புஷ் மீண்டும் ஜெயித்தார். வாக்குச்சாவடிக்குப் போனவர்களின் கையில் பாதி விடைதான் இருந்தது.

2005-ம் வந்தது. இரண்டாம் பாகம் வரவில்லை. நவம்பர் 1-ம் தேதி மதியம், ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் செனட்டில் எழுந்து விதி 21-ஐக் கையில் எடுத்தார். ஒருவர் கோரி, இன்னொருவர் வழிமொழிந்தால் போதும். சபை ரகசிய அமர்வாக மாற வேண்டும். வழிமொழிந்தவர் டர்பின். பார்வையாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கேமராக்கள் அணைந்தன. கதவுகள் மூடின. பெரும்பான்மைத் தலைவர் பில் ஃப்ரிஸ்ட், இது தன் கன்னத்தில் அறைந்தது போல் இருக்கிறது என்று பத்திரிகையாளர்களிடம் கொந்தளித்தார்.

சுமார் இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது கிடைத்தது, விசாரணை எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க இரு கட்சியிலும் மும்மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழு. ஒரு வேலை எங்கே நிற்கிறது என்று கேட்பதற்கே செனட் சபையின் கதவை அடைக்க வேண்டியிருந்தது.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே குழு ரெண்டுபட்டதில் நிம்மதியாக இருந்தது, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆட்சி அதிகாரம்தான்.

பழங்கஞ்சியான பதில்

கடைசி அறிக்கை வெளியானது 2008 ஜூன் 5-ம் தேதி. அதற்குள் செனட் கைமாறி, ராக்ஃபெல்லரே தலைவராகியிருந்தார். ஈராக்கில் இறந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை 4,000-ஐத் தாண்டியிருந்தது. இறந்த ஈராக்கியர்கள் அதைவிடப் பல மடங்கு. அந்தக் கணக்கு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

அறிக்கை சொன்னது கறுப்பு வெள்ளை அல்ல. சதாமுக்கும் அல் கொய்தாவுக்கும் கூட்டு இருந்ததுபோல் ஆட்சியாளர்கள் பேசியதற்கு உளவுத் தகவலில் ஆதாரம் இல்லை என்றது. ஆயுதங்கள் பற்றிய பேச்சுகள் பலவற்றுக்கு அன்றைய உளவுத் தகவல்களில் ஆதாரம் இருந்தது, ஆனால் நிபுணர்களுக்குள் இருந்த கருத்து வேறுபாட்டை அந்தப் பேச்சுகள் மக்களிடம் சொல்லவில்லை என்றது. கோபத்தோடு எதிர்பார்த்தவர்களுக்கும் முழுத் திருப்தி இல்லை; முழுவதுமாக மறுத்தவர்களுக்கும் இல்லை. நேர்மையான விசாரணை பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

என்ன பயன்? ஆறின கஞ்சி பழங்கஞ்சி. 2004-ல் வந்திருந்தால் ஒரு தேர்தலில் எடைபோடப்பட்டிருக்கும் விடை, புஷ் பதவியை விட்டு இறங்க ஏழு மாதமே இருந்தபோது வந்து சேர்ந்தது. போருக்கு முன்னாலேயே எல்லோரும் அந்த 92 பக்கங்களைப் படித்திருந்தால் விசாரணைக்கே தேவை இருந்திருக்குமா என்ற கேள்வி அதற்கும் முந்தையது.

இந்தக் கதையில் கட்சி விசுவாசத்தை மட்டும் குற்றவாளியாக்கிவிட முடியாது. சந்தேகத்தைக் கிளப்பியதும் எதிர்க்கட்சி வேகம்தான், கதவை அடைத்துக் கேள்வி கேட்டதும் அதே வேகம்தான். போட்டி இல்லாத இடத்தில் கேள்வியே பிறக்காது. சிக்கல் எங்கே என்றால், பதில் யாருக்குச் சாதகம் என்று கணக்குப் போட்ட பிறகே கேள்வியை அனுமதிப்பது என்ற இடத்தில்.

2008-ல் அந்த அறிக்கை 10-க்கு 5 என்ற வாக்கில் நிறைவேறியது. எட்டு ஜனநாயகக் கட்சியினரோடு கைதூக்கியவர்கள், குடியரசுக் கட்சியின் சக் ஹேகலும் ஒலிம்பியா ஸ்னோவும். ஹேகல் வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பியவர். இருவரும் 2002-ல் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர்கள். சொந்தக் கட்சியின் அதிபர் பதவியில் இருக்கும்போதே இந்த அறிக்கையின் பக்கம் நின்றார்கள்.

எட்டுக்கு ஏழு என்று 1976-ல் நாற்காலிகளை எண்ணிப் போட்டுவிட முடிந்தது. அந்த நாற்காலியில் உட்காருகிறவர், தன் கட்சிக்கு வலிக்கும் பக்கத்தையும் புரட்டிப் படிக்க வேண்டும் என்று எந்த விதியாலும் எழுதிவைக்க முடியவில்லை.