பதினெட்டு வயது மோட்டார்

அழகர்கோவிலில் எனக்கு ஒரு வாடகை வீடு உண்டு. போன சித்திரையில் போர் மோட்டார் நின்றுவிட்டது. பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே தூக்கிப் பார்த்தால் வைண்டிங் கருகியிருந்தது. ‘தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டிருப்பார்கள்’ என்று குடியிருப்பவரிடம் பாதிச் செலவுக்கு 3,000 ரூபாய் வாங்கிவிட்டேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஐயா, புஷ் தேஞ்சு இறுகிப் போச்சு. 18 வருஷம் ஓடியிருக்கு, பாவம்” என்றார்.

2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தைப் புரட்டினேன். குழாய் வாஷர், சுவிட்ச் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. பைப் மாற்றுவது, வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. அதைப் படிக்கையில் அப்பா ஞாபகம் வந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த காலத்தில் அவர் நொத்தேர் ஆபீஸ் குமாஸ்தா. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1755-ஆவது பிரிவை அடிக்கடி சொல்வார்: பழசானதால் மட்டுமே வந்த பழுதைக் குடியிருப்பவர் தலையில் கட்டக் கூடாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது. இது மட்டும் நிற்கிறது.

புது மோட்டாரும், தண்ணீர் இறங்கினால் தானாக நின்றுவிடும் பேனலும் போட்டேன். 3,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அவர் வாங்க மறுத்தார். வாடகையில் கழித்துக்கொண்டேன்.