ஆறடி பிளைவுட்டில் ஆரியங்காவு



பரீட்சை முடிஞ்சு லீவுக்கு தென்காசி வந்தவன் ரெண்டு மாசமா என்னதான் பண்றேன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. பதில்: எங்க வீட்டு மாடி ரூமில் ஒரு மலை கட்டிக்கிட்டு இருக்கேன். நிஜமாத்தான் :-)

ஆறடி நீளம், மூணடி அகலத்தில் ஒரு பிளைவுட். அதன் மேல் தண்டவாளம், சுரங்கம், பாலம், காடு, பின்னாடி வானம். மாடல் ரயில்வே என்பார்கள். அம்மா பார்த்துட்டு, "கொலுவுக்கு பார்க் கட்டுற வயசாடா உனக்கு?"ன்னு கேட்டாங்க. கேள்வி நியாயம்தான். கொலு பார்க்கில் கடுகும் கேழ்வரகும் முளைக்க வைத்து புல்வெளி ஆக்கும் வித்தைதான் இதுவும். கொஞ்சம் கணக்கு அதிகம், அவ்வளவுதான்.

ஏன் இந்த வேலை என்றால், காரணம் எங்க தாத்தா. செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாக ஓய்வு பெற்றவர். கீமேன் என்றால் தினமும் தன் பகுதித் தண்டவாளம் முழுக்க நடந்து, சாவி கழன்றிருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அடித்துச் சரி செய்துகொண்டே போகிறவர். அவருக்கு இப்போது கிளாக்கோமா. போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வேலை பார்த்த அந்த மீட்டர் கேஜ் பாதையும் இப்போது இல்லை. அவர் லைனில் நிற்கிற ஒரு போட்டோகூட எங்க வீட்டில் இல்லை. அவர் கண்ணில் மிச்சம் இருக்கும்போதே ஒரு தடவை அதைக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது.

கொஞ்சம் வரலாறு (தூங்கிடாதீங்க). கொல்லத்தையும் திருநெல்வேலியையும் இணைத்த இந்தப் பாதையில், மலையைக் கடக்கும் புனலூர் - செங்கோட்டைப் பகுதி 1904-ல் திறக்கப்பட்டது. அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பரில்தான் நம்ம பக்கம் வந்தது. செங்கோட்டையில் கிளம்பினால் பகவதிபுரம், நீளமான ஒரு சுரங்கம், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று போகும். கழுதுருட்டி பக்கத்தில் ரோட்டிலிருந்தே தெரியும் கல் பாலம்தான் புகழ்பெற்ற பதிமூணு கண் பாலம். 2010 செப்டம்பரில் அகலப் பாதைக்காக ரயிலை நிறுத்தினார்கள். 2018 ஜூனில் முழுப் பாதையும் அகலமாகத் திறந்தது. பாலம் அதே பாலம்தான், இன்றைக்கும் ரயில் அதன் மேல்தான் போகிறது. ஆனால் மீட்டர் கேஜ் போயே போச்சு. நிறுத்தும்போது எனக்கு ஐந்து வயது. அதில் போன ஞாபகம் ஒன்று இருக்கிறது. அது என் ஞாபகமா, தாத்தா சொல்லிச் சொல்லி வந்ததா என்று எனக்கே சந்தேகம்.

இப்ப கணக்குக்கு வருவோம். உலகத்தில் அதிகம் விற்கும் மாடல் அளவு எச்.ஓ. அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. அதில் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்குப் போட்ட கணக்கு. நம்ம அகலப் பாதை 1676 மி.மீ.; அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். அதனால்தான் அந்தத் தண்டவாளத்தில் நம்ம ஊர் பெட்டியை வைத்தால் குண்டு ஆள் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

மீட்டர் கேஜுக்கு என்ன செய்வது? அதே 16.5-ஐ 60-ஆல் பெருக்கிப் பாருங்கள். 990. ஒரு மீட்டருக்குப் பத்தே மி.மீ. குறைவு! இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. பழைய எச்.ஓ. ரயில் செட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, மோட்டாரையும் சக்கரத்தையும் வைத்துக்கொண்டு, மேலே அட்டையில் 1:60 அளவில் ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின் உடம்பு செய்து மாட்டினேன். தாத்தா காலத்தில் மலை ஏறின வண்டி.

அடுத்த சிக்கல் வளைவு. மூணடி பலகையில் ரயில் திரும்ப வேண்டுமானால் 15 அங்குல ஆரம்தான் கிடைக்கும். அசலில் அது 23 மீட்டர். அவ்வளவு கொடூரமான வளைவு தாத்தா நடந்த பாதையில் கிடையாது. வழி என்னவென்றால், அசிங்கமான வளைவை மலைக்குள் ஒளித்துவிடுவது. ரெண்டு முனையிலும் மலை, உள்ளே சுரங்கம், நடுவில் மட்டும் பாலம் தெரியும். ஆரியங்காவு சுரங்கம் எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

மலை கட்டினது தெர்மோகோலில். துண்டு துண்டாக அடுக்கி, கத்தியால் செதுக்கி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த துணி. முதல் மலையை அவசரத்தில் துணி போர்த்தாமல் நேரடியாக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். கண் முன்னாடியே சுருங்கிக் குழி விழுந்து போச்சு. அந்தப் பெயிண்டில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துவிடும். கெமிஸ்ட்ரி படிக்கிறவன் செய்கிற வேலையா என்று கேட்காதீங்க. நானே கேட்டுக்கிட்டேன்.

காட்டுக்கு மரத்தூளில் பச்சைச் சாயம், காய்ந்த டீத்தூள், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்தது. மரங்களுக்குச் செடி வேர். ஜல்லிக்கு சலித்த மணல். ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு ரெண்டு சொட்டு விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றினால் மணலுக்குள் இறங்கும்; சோப்பு இல்லாவிட்டால் மேலேயே உருண்டு நிற்கும். ஒரே பிரச்சினை, இது குற்றாலச் சாரல் சீசன். ஒரு நாளில் காய வேண்டிய பசை மூணு நாள் ஆகியும் காயவில்லை.

பின்னாடி வைக்கிற படுதாதான் உயிர். நாடக சீன் மாதிரி. கோவில்பட்டி காலண்டர் ஓவியர் கொண்டையராஜுகூட நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்தவர்தான். குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. அங்கே நடராஜரே சுவரில் ஓவியமாகத்தான் இருக்கிறார். இந்த ஊரில் பிறந்துட்டு வரையத் தெரியலைன்னா எப்படி என்று நானும் இறங்கினேன். தூரத்து மலை வெளிறி நீலமாக, கிட்டத்து மலை அடர் பச்சையாக, படுதாவின் மூலைகள் மடிப்பில்லாமல் வளைவாக, எஞ்சினின் நிழல் வானத்தில் விழாமல்... எல்லாம் படித்துப் படித்து வரைந்தேன். மொட்டை மாடியில் நின்று பார்த்தே திரிகூட மலையை அப்படியே இறக்கினேன். பெருமையாக இருந்தது.

தாத்தாவைக் கைப்பிடித்து மாடிக்கு அழைத்து வந்தேன். கிட்டத்தில் குனிந்து, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் அவருக்குத் தெரியும்.

"ஏல, இது நம்ம ஊரு மலைல்லா?"

"ஆமா தாத்தா."

"பாலம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. அங்கன நின்னா இந்த மலை எப்படிலே தெரியும்?"

போச்சு. ஒரு வாரத்து உழைப்பு!

அடுத்தது, காடு. "இவ்வளவு தள்ளியா நிக்கும்? வெட்ட வெட்ட வளந்து லைனைத் தொடும்ல." அப்புறம் விரலால் பாலத்தைத் தடவினார். ஒன்று, ரெண்டு, மூணு... ஏழோடு முடிந்தது. அசல் அளவில் பதிமூணு கண்ணும் வைத்தால் பலகையில் அடங்காது என்பதால் ஏழோடு நிறுத்தியிருந்தேன். எல்லா ஊரிலும் மாடல் செய்கிறவர்கள் இப்படித்தான் சுருக்குவார்கள் என்று விளக்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கீழே போகலாம் என்றார். அதுதான் ரொம்ப உறுத்தியது.

அன்று இரவு இணையத்தில் ராய் இங்லண்ட் என்பவரைப் பற்றிப் படித்தேன். பெயர்தான் இங்லண்ட், ஆள் ஆஸ்திரேலியாக்காரர் :-) 1925-ல் இங்கிலாந்து வந்தவர், பழைய கிராமங்கள் கண்ணெதிரே மாறுவதைப் பார்த்து, அழிவதற்குள் மாடலாகவாவது செய்து வைக்க ஆரம்பித்தார். 1954-ல் தொடங்கிய அவருடைய பெண்டன் அருங்காட்சியகம் இன்னும் நடக்கிறது. நம்ம நாட்டில் புனேயில் ஜோஷி என்பவர் கட்டிய மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998-லிருந்து இருக்கிறது. அது ஒரு கற்பனை ஊர். கற்பனை ஊரில் பாலத்துக்கு எத்தனை கண் வேண்டுமானாலும் வைக்கலாம். நான் கட்டுவது தாத்தா நடந்த ஊர். அதை நான் எனக்கு வசதியாக மாற்ற முடியாது என்று புரிந்தது.

பாலத்தைப் பெயர்த்தேன். ஒவ்வொரு கண்ணையும் குறுக்கி, பதிமூணையும் வைத்தேன். 1:60 கணக்கு பாலத்தில் மட்டும் அடிபட்டது. பரவாயில்லை. படுதாவை வெள்ளையடித்து, அந்தப் பக்கத்து மலையை தாத்தா சொல்லச் சொல்ல வரைந்தேன். பாதி மலையை மேகத்தில் மறைக்கச் சொன்னார். "மழைக்காலத்துல ராத்திரி ரோந்து போவோம். கையில விளக்கு, டெட்டனேட்டர், கொடி. லைன்ல மண்ணு சரிஞ்சிருக்கான்னு பாத்துக்கிட்டே போவணும். பகல்லயே மலை தெரியாது." இத்தனை வருஷத்தில் இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். விரலால் எண்ணினார். பதிமூணு. தலையாட்டினார். ரயிலை ஓட்டினேன், மூணாவது சுற்றில் தடம் புரண்டது. சிரித்துக்கொண்டே கையால் துழாவி எடுத்தார்.

"இது எங்க போற வண்டி?"

"செங்கோட்டையிலருந்து புனலூர், தாத்தா."

"பின்னால எஞ்சின் எங்கல? மலையில ஒத்தை எஞ்சினை வெச்சு எவன் வண்டியை விட்டான்?"

உண்மைதான். அந்த மலையில் வண்டிக்குப் பின்னாடியும் ஒரு எஞ்சின் உண்டு. இப்போது ரெண்டாவது எஞ்சின் செய்துகொண்டிருக்கிறேன். லீவு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அதற்குள் பசை காய வேண்டும்.

பி.கு: உங்க வீட்டு மாடியில் பழைய எச்.ஓ. எஞ்சின் எதுவும் ஓடாமல் கிடந்தால் சொல்லுங்க. மோட்டார் மட்டும் போதும்!