வலக்கைக்கு ஒரு ஜண்டை வரிசை

கிற்றார் வீடியோ எதையாவது எடுத்துப் பாருங்கோ, கமெரா இடக்கையிலதான் நிக்கும். ஜாங்கோ ரைன்ஹார்ட்டைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் 1928இல் அவருடைய கரவன் தீப்பிடித்த கதையைச் சொல்லுவினம். இடக்கையில் இரண்டு விரல் பாதிக்கப்பட்ட பிறகு, மிச்ச இரண்டு விரலாலதான் அவர் சோலோ வாசித்தவர். உண்மைதான். ஆனால் அந்த வாசிப்பின் சத்தமும் தெளிவும் வலக்கையில் இருந்து வந்தவை. பிக்கைக் கீழ்நோக்கி அடித்து அடுத்த கம்பியில் சாய்த்து நிறுத்துறதும், கம்பி மாறுற ஒவ்வொரு முறையும் கீழ் அடியிலேயே தொடங்குறதும் அந்தப் பாணியின் அடிப்படை. அதைப் பற்றி ஆர் கதைக்கினம்?

எங்களுக்கு இது ஒரு அவசரப் பிரச்சினை. நாங்கள் மூன்று பேர், எங்களிட்ட இருக்கிறது ரெண்டு கிற்றார். தை மாதம் எங்களில ஒருத்தி படிக்க வெளிநாடு போறாள். அதுக்கு முன்னம், நாங்களே போட்ட ஒரு மெட்டை ரெண்டு கிற்றாரிலயும் ஒண்டாக வாசித்துப் பதிஞ்சு வைக்க வேணும் எண்டு ஆசை. தனித்தனியாக வாசித்தால் நல்லாத்தான் இருக்கு. சேர்ந்து வாசித்தால்தான் வில்லங்கம். சுருதி சரி, சுரமும் சரி, ஆனால் ஒராள் நடந்து வாற மாதிரியும் மற்றாள் செருப்பை இழுத்துக்கொண்டு வாற மாதிரியும் கேக்குது. போனில பதிஞ்சதை மெதுவாக்கிக் கேட்டால் காரணம் தெரியும். மேல் அடி கீழ் அடியை விடச் சத்தம் குறைவு, ஒரு துளி பிந்தியும் விழுது.

கீழ் அடிக்குக் கையின்ர பாரம் துணை நிக்கும். மேல் அடிக்கு அது இல்லை. அதோட பிக் கம்பிகளுக்கு இடையில எவ்வளவு ஆழம் இறங்குது எண்டதும் இருக்கு. முனை மட்டும் பட்டால் காணும், கூட இறங்கினால் திரும்பி வரேக்க சிக்கும். மெல்லிய பிக் வளையும், வளைஞ்சு நிமிர நேரம் எடுக்கும். ரெண்டு பேரும் 0.73 மில்லிமீற்றர் எண்டு முடிவெடுத்து அந்த வாக்குவாதத்தை முடிச்சம். பிக் மாத்திக்கொண்டே இருக்கிறது பயிற்சி செய்யாமல் இருக்கிறதுக்கு நல்ல சாட்டு.

வழி சொன்னது போகப்போறவள்தான். அவள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்கு வயலின் படிச்சவள். வில்லை இழுக்கிறதும் தள்ளுறதும் ஒரே மாதிரிக் கேக்க வேணும் எண்டு சின்னனில இருந்து பேச்சு வாங்கினவள். "அந்த வீடியோவை மூடிப்போட்டு ஜண்டை வரிசை வாசியுங்கோ" எண்டாள்.

ஸஸ ரிரி கக மம. ஜண்டையில ஒவ்வொரு சுரமும் இரட்டையாக வரும், அழுத்தம் இரண்டாவதில விழ வேணும். பிக்கில பாருங்கோ: முதல் ஸ கீழ் அடி, இரண்டாம் ஸ மேல் அடி. அப்ப அழுத்தம் போய் விழுறது சரியாக எங்கட நோஞ்சான் அடியில! மெற்றோனோமை 60இல் வைத்து முதலாம் காலத்தில் தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் ரெண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. கிற்றாரில கர்நாடக வரிசையா எண்டு சிரிக்கிறவைக்கு ஒரு பேர் சொல்லலாம்: மண்டலின் ஸ்ரீநிவாஸ். முழுக் கச்சேரியையுமே பிக்கால வாசிச்ச மனிசன்.

ஜண்டையில ஒரு வசதியும் இருக்கு. ஒரு கம்பியில எப்பவும் இரட்டை எண்ணிக்கையில சுரம் வாறதால, அடுத்த கம்பி கீழ் அடியிலதான் தொடங்கும். சரளி வரிசை அப்பிடி விடாது. மாயாமாளவகௌளையை ஐந்தாம் கம்பியின்ர மூன்றாம் கட்டையில தொடங்கினால் ஸ ரி அந்தக் கம்பியில, க ம ப நாலாம் கம்பியில, த நி ஸ மூன்றாம் கம்பியில. ப கீழ் அடியில முடியுது, த மேல் அடியில தொடங்க வேணும். அதுக்குப் பிக் மூன்றாம் கம்பியைத் தாண்டிக் குதிச்சுப் போய்த் திரும்பி வர வேணும். குதிக்கேக்க மணிக்கட்டு இறுகினால் அவ்வளவுதான், த தொண்டை கட்டின மாதிரிக் கேக்கும். அந்த ரெண்டு சுரத்தை மட்டும், ப த, ப த எண்டு, வீட்டில இருக்கிறவை எழும்பி வேற அறைக்குப் போகுமட்டும் வாசிக்கிறம். உள்ளங்கையின்ர அடி பிரிட்ஜுக்குக் கிட்ட லேசாகத் தொட்டபடி இருந்தால், கைக்குத் தன்ர இடம் தெரியுது.

"ஒரு கிழமையில வேகம்" எண்டு தலைப்புப் போடுறவையை நாங்கள் நம்புறதில்லை. இரவில கால்மணி நேரம், ஒரே இருப்பு, ஒரே பிக், முதலில மெதுவாக. அலுப்பாகத்தான் இருக்கும்.

இப்ப ஜண்டை 72இல், மூன்றாம் காலத்தில, ரெண்டு கிற்றாரும் ஒரு கிற்றார் மாதிரிக் கேக்குது. சரளி 80க்குப் போனால் அந்தப் பழைய ப த குழம்புது. மெட்டுப் போட்டது 92இல். தைக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கு. மெட்டை 80க்கு இறக்குவமோ எண்டு ஒராள் கேட்டுப் பார்த்தார். போறவள் மாட்டன் எண்டுட்டாள்.