காரைக்குடி வீடும் ஐந்து ஒளி எழுத்துகளும்

காரைக்குடிக்குப் போகிறவர்கள் ஆத்தங்குடிக் கற்களையும் பர்மா தேக்குத் தூண்களையும் பார்த்துவிட்டு வருவார்கள். நான் இந்த முறை போனது ஒரு கடையின் பெயர்ப் பலகையைப் பார்க்க!

என் கல்லூரித் தோழி, தாத்தா வீட்டு முகப்பில் சின்னதாகப் பலகாரக் கடை தொடங்கியிருக்கிறாள். சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் எல்லாம் அவள் அம்மாவின் கைப்பக்குவம். ‘பலகாரம்’ என்ற ஐந்து எழுத்துகளும் இரவில் பின்னாலிருந்து ஒளி வீச வேண்டும் என்பது அவள் ஆசை. சேமிப்பில் கணிசமான பணத்தைப் போட்டு எல்.இ.டி. எழுத்துகளும் செய்தாகிவிட்டது. எங்கே மாட்டுவது என்பதில்தான் சிக்கல்.

அவள் மனதில் இருந்தது திண்ணைச் சுவர். செட்டிநாட்டுச் சுவர் என்றால் சும்மாவா? சுண்ணாம்பைப் பல அடுக்குகளாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. கை வைத்தால் பளிங்கு போல வழுக்குகிறது. முகம் பார்க்கலாம்.

போர்டு மாட்ட வந்த அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு டிரில் மெஷினை எடுக்கவே இல்லை.

“ஆச்சி, இதுல ஓட்டை போட்டா சுத்தியும் பூச்சு செதில் செதிலா உதிரும். சிமென்ட் வச்சு அடைச்சாலும் சுண்ணாம்போட ஒட்டாது. அப்புறம் மழைத்தண்ணி உள்ள போகும்.”

தோழியின் முகம் வாடிவிட்டது. வீடு அவளுடையது மட்டுமல்ல. பங்காளிகள் பல பேருக்குச் சொந்தம். திருவிழாவுக்கு வரும்போது சுவரில் ஓட்டையைப் பார்த்தால் யார் பதில் சொல்வது?

“ஓட்டையே போடாம ஒட்ட முடியாதா?” என்று கேட்டேன்.

“ஒட்டலாம்மா. ஆனா இதைப் பாருங்க” என்றவர், பொழுது சாய்ந்ததும் ‘ப’ எழுத்துக்கு மின்சாரம் கொடுத்து, சுவரிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளிப் பிடித்தார். எழுத்தைச் சுற்றி நிலா வெளிச்சம் போலப் பரவும் என்று எதிர்பார்த்தோம். சுவரின் பளபளப்பில் உள்ளே இருந்த பல்புகள்தான் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன! பின்னொளி எழுத்துக்கு மெருகில்லாத, வெளிர் நிறப் பரப்புதான் ஏற்றதாம். கறுப்புப் பரப்பு ஒளியைக் குடித்துவிடும். கண்ணாடி மாதிரிப் பரப்பு புள்ளிகளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் வைக்கலாமா? அங்கே கஜலட்சுமி சுதைச் சிற்பம் இருக்கிறது. அதை மறைக்க அம்மா சம்மதிக்கவில்லை. தெருவோர மதில் சிமென்ட் பூச்சுதான். ஆனால் உயரம் போதாது. ஒரு கார் நின்றாலே எழுத்து மறைந்துவிடும்.

கடைசியில் அண்ணனே வழி சொன்னார். மதிலுக்கு உட்புறம் கான்கிரீட் போட்டு இரண்டு கால் ஊன்றி, சதுர இரும்புக் குழாயில் சட்டம். அதன் மேல் மெருகில்லாத சந்தன நிற ஏ.சி.பி. ஷீட். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த ஷீட் அது. எழுத்தின் பாரத்தை அது மட்டும் தாங்காது. அதனால் ஒவ்வோர் எழுத்தின் திருகும் ஷீட்டைத் தாண்டி இரும்புக் குழாயைப் பிடிக்கும்படி முடுக்கினார். மழைத்தண்ணீர் வடிய எழுத்துகளின் அடியில் சிறு துளைகளும் போட்டார்.

“சாதாரண வீட்டுச் சுவரா இருந்தா என்னண்ணே செய்யணும்?” என்றேன்.

“முதல்ல விரலால தட்டிப் பாருங்க. ‘டொக் டொக்’னு வெறுமையாக் கேட்டா பூச்சு விட்டுப்போச்சுன்னு அர்த்தம். அங்க மாட்டாதீங்க. திருகு பூச்சைத் தாண்டி செங்கல்லைப் பிடிக்கணும். கீழ ஆளுங்க நடக்குற இடமில்லையா?”

மறுநாள் மாலை விளக்கைப் போட்டார்கள். ஐந்து எழுத்துகளையும் சுற்றி மஞ்சள் ஒளி சீராகப் பரவியது. பின்னால் திண்ணைச் சுவர், தாத்தா காலத்தில் இருந்தபடியே ஒரு கீறல் இல்லாமல் நின்றது.

“சுவரும் தப்பிச்சுது, கடையும் தெரியுது” என்றபடி அம்மா முதல் சீடைப் பொட்டலத்தை அந்த அண்ணன் கையில்தான் கொடுத்தார்.