பதினைந்தைத் தொடாத பாலம்

சிவாஜிநகரிலிருந்து கணேஷ்கிண்ட் சாலை வழியே ஔந்துக்குப் போகிறவர்கள் புனே பல்கலைக்கழகச் சதுக்கத்தைத் தாண்டியாக வேண்டும். வளாகத்துக்குள் மரங்களுக்குப் பின்னால் நிற்கிறது, பம்பாய் கவர்னரின் மழைக்கால மாளிகையாக 1864-ல் தொடங்கி 1871-ல் கட்டி முடிக்கப்பட்ட கல் கட்டடம். இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வெளியே சதுக்கத்தில் 2006 வாக்கில் எழும்பிய கான்கிரீட் மேம்பாலமோ 2020-ல் இடிக்கப்பட்டது.

பாலத்தில் விரிசல் எதுவும் காரணமல்ல. நெரிசல் தீரவில்லை, ஹிஞ்ஜவாடி-சிவாஜிநகர் மெட்ரோவுக்கு அது இடமும் விடவில்லை. அதனால் கீழே வாகனங்களும் மேலே ரயிலும் போகும் ஈரடுக்குப் பாலம் திட்டமிடப்பட்டது. அதில் ஔந்த் பக்கத்துக் கை 2025 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது.

இடிபாட்டை லாரியில் ஏற்றிவிடலாம். பாலத்துக்கான சிமென்ட் வெளியிட்ட புகையைத் திரும்பப் பெற முடியாது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டால்தான் சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கர் கிடைக்கும். அப்போது எரிபொருள் மட்டுமல்ல, கல்லே கரியமில வாயுவைக் கக்குகிறது. சிமென்ட் ஆலைப் புகையில் பாதிக்கு மேல் அதுதான். மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமென்டின் பங்கு.

பரிகாரம் இல்லாமல் இல்லை. அனல் மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம் வரை கலக்க இந்தியத் தர விதி அனுமதிக்கிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் புதிய சிமென்டுக்கு 2023-ல் தரநிர்ணயம் வந்தது. ஸ்விஸ், கியூப விஞ்ஞானிகளுடன் டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.கள் உழைத்துத் தேற்றிய சரக்கு இது. மாசு 40 சதவீதம் வரை குறையும்.

ஆனால் சரக்கு மட்டும் போதாது. கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்ட வேண்டும் என்கிறது விதி. சாதாரண சிமென்டுக்கு 7 நாள். அவசரக் கான்ட்ராக்டர் முதலில் கை வைப்பது இந்த நாட்களில்தான். கம்பியை மூடும் கான்கிரீட் மெலிந்தால் ஈரமும் காற்றும் புகுந்து துருப்பிடிக்கும். கட்டடத்தின் ஆயுள் கரையும்.

ஔந்தில் பழைய மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகள் இடிபட்டுக் கோபுரங்கள் எழும் காலம் இது. வீடு வாங்குகிறவர்கள் நீச்சல் குளத்தையும் கார் நிறுத்தத்தையும் விசாரிக்கிறார்கள். என்ன சிமென்ட், எத்தனை நாள் நீர், எத்தனை ஆண்டு தாங்கும் என்றும் கேட்கலாம். இன்னும் 20 ஆண்டில் அந்த இடத்துக்கு என்ன தேவைப்படும் என்பதைப் பாலம் கட்டுகிறவர்களிடம் கேட்கலாம். எவ்வளவு பசுமையான கான்கிரீட்டும், பதினைந்து வயதுக்குள் இடித்தால் வீண்தான்.