சூடறிந்த துணை

தமிழாசிரியராகிய எமக்கும் குறைகடத்திச் சுற்றுக்கும் யாது தொடர்பென அன்பர்கள் வினவக்கூடும். அத்தொடர்பு எமது பிழையொன்றிற் பிறந்தது.

2016ஆம் ஆண்டுத் தமிழ்மன்ற விழாவுக்கு உயர்தர வகுப்பு மாணவனொருவன் தன் கையாற் செய்த ஒலி விரியலாக்கியைக் கொணர்ந்தான். கடவுள் வாழ்த்து இனிதே ஒலித்தது. பேச்சுப்போட்டி நடுவே குரல் கரகரத்தது, புகை எழுந்தது, கருவி ஓய்ந்தது. யாம் சினந்து, "கவனமின்மையின் பயன் இது" எனச் சபையறியக் கடிந்தோம். அவன் மறுமொழி கூறாது கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு அகன்றான். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு வந்திலன்.

பௌதிகவியல் ஆசிரியரே எமது அறியாமையைப் போக்கினார். சிலிக்கன் திரான்சிற்றரில் ஒரே அளவு மின்னோட்டம் செல்வதற்கு, அடி, காலி என்னும் முனைகளிடையே வேண்டிய அழுத்தம், வெப்பநிலை 1 பாகை செல்சியசு ஏறுந்தோறும் ஏறக்குறைய 2 மில்லிவோல்ற்றுக் குறையும். வழங்கும் அழுத்தத்தைக் குறையாது விடின், 10 பாகை ஏறுகையில் ஓட்டம் ஏறக்குறைய இருமடங்காகும். மிகுந்த ஓட்டம் சூட்டை வளர்க்கும்; வளர்ந்த சூடு ஓட்டத்தை மேலும் பெருக்கும்; ஈற்றில் உறுப்புக் கருகும்.

இதற்கு மாற்று, அழுத்தம் வழங்குமிடத்தில் இருவாயிகளை அமைத்தலாம். சூடேற அவற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அதே வீதத்திற் குறைதலால், திரான்சிற்றருக்குச் செல்லும் அழுத்தம் தானே தாழும். காலியோடு சேர்க்குஞ் சிறு தடையும் மிகை ஓட்டத்தை அடக்கும்.

"இவன் இருவாயிகளை மறந்தனனோ?" என்றோம்.

"மறக்கவில்லை. சூடேறும் உறுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டான். தள்ளி நிற்பது சூட்டை எவ்வாறு அறியும்?" என்றார் அவர்.

அச்சொல் எம்மைச் சுட்டது. விழாவுக்காக அவன் மூன்று இரவுகள் கண்விழித்ததை அவர் கூறவே அறிந்தோம். மேடையில் நின்ற எமக்கு அவன் நெஞ்சின் சூடு எட்டவில்லை.

மறுநாள் வகுப்பறியப் பிழை எமதே என்றோம். அவன் தலைகுனிந்து முறுவலித்தான். அடுத்த கூட்டத்துக்கு அவனும் வந்தான், கருவியும் வந்தது. திரான்சிற்றர்கள் பொருந்திய அலுமினியத் தகட்டிலேயே இருவாயிகளும் இறுக்கப்பட்டிருந்தன. மூன்று மணிநேரப் பட்டிமன்றம் முடியும்வரை குரல் பிசகவில்லை.

அன்றுதொட்டு, ஒரு மாணவனைக் கடிய வேண்டின், முதலில் அவன் வாங்கருகே சென்று நிற்பதை யாம் வழக்கமாகக் கொண்டுள்ளோம். பெரும்பாலும் அதன்பின் கடியவேண்டிய தேவை எழுவதில்லை.